வாஷர் வீட்டுச் சொட்டு

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கும் எடை பார்க்கும் மெஷினுக்கும் நடுவில் அந்தப் படம் தொங்கியது. ஊழியர்களுக்கு நடத்திய புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம். மேலே ஒரு பித்தளைக் குழாயின் மூக்கு. கீழே நீலத் தண்ணீரிலிருந்து விரல் பருமனுக்கு ஒரு தண்டு எழும்பி நிற்கிறது. அதன் தலையில் இன்னொரு சொட்டு வந்து மோதி, கண்ணாடியில் செய்த குடை மாதிரி விரிந்திருக்கிறது. அடியில் அச்சடித்த அட்டை: ‘எங்கள் வீட்டுக் குழாய்’. அதற்கும் கீழே எடுத்தவளின் பெயர், சலவைப் பிரிவு.

எடுத்தவளின் புருஷன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். வினை அங்கேதான் பிடித்தது.

அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் வாஷர் என்றால்தான் ஆளுக்குத் தெரியும். சட்டைப் பையில் எந்நேரமும் ரப்பர் வாஷர்கள் கிடக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் கை கழுவும் இடத்தில் குழாய் சொட்டினால், சட்டைக் கையை மடித்துவிட்டு அதைக் கழற்றி மாட்டிய பிறகுதான் பந்தியில் உட்காருவான். ஒரு துக்க வீட்டில், வந்தவர்கள் எல்லாம் முன்னால் அழுதுகொண்டிருக்க, இவன் கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு ஸ்பானரைத் திருகிக்கொண்டிருந்தான். செத்தவரின் மகன் வந்து ஏன் என்று கேட்டதற்கு, “அங்க உங்க அப்பா, இங்க தண்ணி. ரெண்டையும் ஒரே நாள்ல விட முடியாதுல்ல” என்றான். அந்த மகன் அழுகையை மறந்து சிரித்துவிட்டு, பிறகு அதற்காகவும் சேர்த்து அழுதான் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவன் வீட்டுக் குழாய் சொட்டுவதாக ஆஸ்பத்திரிச் சுவரில் சாட்சி.

செய்தியைக் கொண்டுவந்தது சகலை. வாஷர் மனைவியின் அக்கா புருஷன். அவனும் குழாய் வேலைதான். கை கொஞ்சம் வேலை செய்யும், மீதியை வாய் பார்த்துக்கொள்ளும். வாசலில் செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல், குனிந்து பேண்ட்டை முழங்கால்வரை சுருட்ட ஆரம்பித்தான்.

“என்னண்ணே பண்றீங்க?” என்றான் வாஷர்.

“வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு தெரியலையே தம்பி. கணுக்கால் ஆழமா, முட்டி ஆழமா?”

“வரும்போதே தொடங்கிட்டீங்களா?”

“நான் எங்க தொடங்கினேன்? ஆஸ்பத்திரிதான் தொடங்கி வச்சிருக்கு. கக்கூஸ் அடைப்பு எடுக்கக் கூப்பிட்டாங்கன்னு போனேன். வெளிய வந்து பாத்தா உன் வீட்டுக் குழாய் சுவத்துல தொங்குது. ஒழுகறதுக்கெல்லாம் பரிசு குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

வாஷர் மனைவியைப் பார்த்தான். அவள் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் போர்வையும் உறையும் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து, வீட்டுத் துணியையும் அதே வேகத்தில்தான் உதறுவாள். துணி பட்டாசு மாதிரி வெடிக்கும்.

“தண்ணியப் படம் எடுத்தேன்னுதான என்கிட்ட சொன்ன?”

“ஆமா. தண்ணிதான்.”

“குழாய் இருக்குன்னு சொல்லல.”

“தண்ணி பின்ன மரத்துலயா காய்க்கும்? நீங்களும் போய்ப் பாக்கல, நானும் சொல்லல.”

சகலை வசதியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். “முழுசாக் கேளுங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன், விடுதி வார்டன் அம்மா வந்தாங்க. எடை மெஷின்ல ஏறினவங்க இறங்கவே இல்ல. பின்னால ஜனம் வரிசையா நிக்குது. அவங்க படத்தையே பாத்துட்டு, ‘இது வாஷர் வீடுதானே’ன்னு என்னைக் கேட்டாங்க. பெரியவங்க கேக்கும்போது பொய் சொல்ல முடியுமா? ஆமான்னுட்டேன்.”

வாஷரின் கை போனைத் தேடியது.

பெண்கள் விடுதிக்கு வருஷம் முழுவதும் குழாய் வேலை பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று அந்த அம்மா தேடிக்கொண்டிருந்தார். அடுக்கடுக்காய் மாடி, மாடிக்கு மாடி குளியலறை. கேட்டுப் போயிருந்தது இரண்டே பேர், வாஷரும் சகலையும். சகலைக்கு அது கூடுதலாக ஒரு வேலை. வாஷருக்கு அப்படி இல்லை. அவனுடைய வலது முழங்கால் போய்விட்டது. சாக்கடைக் குழியில் இடுப்பளவு இறங்கி, பிடிக்க ஒன்றுமில்லாத சிமெண்ட் வளையத்தைத் தொற்றி ஏறுவதற்கு இனி அது ஒத்துழைக்காது. போன மாதம் ஒரு குழியிலிருந்து அவனைக் கயிறு கட்டித்தான் தூக்கினார்கள். விடுதி வேலை கிடைத்தால் நின்றபடி, சுத்தமான தண்ணீரில் பிழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் குழி.

அவன் உடனே வார்டனுக்கு போன் போட்டான். விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டார்.

“சொந்த வீட்டுக் குழாயப் பாக்க நேரமில்லாதவரு எங்க குழாய எப்பப் பாப்பீங்க?”

“அம்மா, என் வீட்டுக் குழாய் ஒழுகாதும்மா.”

“நான் கண்ணால பாத்தேனே.”

“அது சும்மா. படத்துக்காகப் பண்ணது.”

“யாரு பண்ணது?”

“என் சம்சாரம்.”

“உங்க வீட்டுக் குழாய உங்க சம்சாரமே ஒழுக வச்சாங்களா?”

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், பிறகு முடிவு சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

“போய் அந்தப் படத்த இறக்கிட்டு வா” என்றான் மனைவியிடம்.

“இறக்க மாட்டேன்.”

“என் பொழப்பு போகுதுடி.”

“அந்தக் கட்டடத்துல நான் துவைக்காத துணி இல்ல. டாக்டர் கோட்டுலேர்ந்து பொணத்து மேல போத்தற துணி வரைக்கும். ஒண்ணுலயாவது என் பேரு இருக்கா? இப்பதான் ஒரு சுவத்துல இருக்கு. வேணும்னா நீங்க போய் இறக்குங்க. காவல்காரர் கேட்டா, என் பொண்டாட்டி பரிசு வாங்கிட்டா, வயிறு எரியுது, அதான்னு சொல்லுங்க.”

சகலை தொடையில் தட்டிச் சிரித்தான். சிரிக்க அவனுக்கு மட்டும்தான் முடிந்தது.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாஷர் சொன்னது உண்மை. அவன் வீட்டுக் குழாய் ஒழுகியதே இல்லை. அவளுடைய கஷ்டமே அதுதான்.

யாரோ விற்ற பழைய காமிராவை வாங்கி, அதில் அவள் முதலில் எடுத்ததெல்லாம் துணி உலர்த்தும் கம்பியில் தொங்கும் நீர்த்துளிகள். பிறகு விழுகிற துளியைப் பிடிக்க ஆசை வந்தது. குளியலறைக் குழாயைக் கொஞ்சம் தளர்த்தி, சொட்டுச் சொட்டாக விழவிட்டு, காமிராவை எடுத்துக்கொண்டு வருவாள். அதற்குள் சொட்டு நின்றிருக்கும். பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் எச்சில் கையோடு எழுந்து வந்து, இடது கையால் இறுக்கிவிட்டுப் போயிருப்பான். கேட்டால், நானா என்பான். அவனுக்கே தெரியாது. காதில் சொட்டு விழுந்தால் கை தானாகப் போய் மூடும். மூன்று தடவை குழாயின் ரப்பர் வாஷரைக் கழற்றி ஒளித்து வைத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் புதிதாக ஒன்று மாட்டியிருந்தது.

ஆகவே குழாயை விட்டுவிட்டாள். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டிரிப்ஸ் டியூப் ஒன்று வாங்கினாள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தலைக்கு மேலே கம்பியில் மாட்டி, டியூபை இறக்கினாள். அதில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கட்டைவிரலால் உருட்டினால் சொட்டு வேகமாகும், மெதுவாகும், நிற்கும். புருஷன் வேலைக்குப் போயிருக்கிற பகல் பொழுதில், குளியலறை ஜன்னலைத் துண்டால் மூடி இருட்டாக்கி, கறுப்புத் தட்டு ஒன்றில் விளிம்பு தளும்ப நீர் நிரப்பி வைத்தாள். சொட்டு விழும் இடத்தில் நீளமான ஸ்க்ரூ ஒன்றை நிற்கவைத்து, அதன் தலையில் காமிராவின் பார்வையைக் கூர்மையாக்கிவிட்டு, ஸ்க்ரூவை எடுத்துவிடுவாள். பின்னால் நீல அட்டை. அந்த அட்டைமேல் அடிக்கிற மாதிரி ஃப்ளாஷ். ஃப்ளாஷின் பலத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அது அணையும், அந்த ஒரு கண்வெட்டில்தான் சொட்டு உறைந்து நிற்கும் என்பதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

வெறும் தண்ணீர் பட்டென்று சிதறியது. ஆஸ்பத்திரியில் போர்வைக்குப் போடும் கஞ்சியைக் கலந்து பார்த்தாள். கலங்கலாக, யாரோ கை கழுவியது போல் வந்தது. ஐஸ்கிரீம் கெட்டியாவதற்குப் போடும் பிசின் தூளைக் கரைத்து, காயம் கட்டும் துணியில் வடிகட்டினாள். அது சரியாக அமைந்தது. தண்டு ஒடியாமல் உயர்ந்தது. ஒரு நாள் வாஷர் தாகத்தோடு வந்து அந்தப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, தண்ணீர் ஏன் தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டான். தொட்டி கழுவ வேண்டும் போல என்றாள். அவனும் பாவம், அன்று மாலையே மாடியேறித் தொட்டியைக் கழுவினான்.

கஷ்டம் குடைதான். முதல் சொட்டு விழுந்து தண்டாக எழும்பும் அந்த நேரத்தில் இரண்டாவது சொட்டு அதன் உச்சந்தலையில் வந்து இறங்க வேண்டும். சக்கரத்தைச் சட்டென்று திறந்து மூடினால் இரண்டு சொட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அப்படித் திறந்து மூடுவதைக் ‘கிள்ளு’ என்பாள். இடது கையால் கிள்ளி, வலது கையால் பொத்தானை அழுத்தி, அழித்து அழித்து எடுத்துக்கொண்டே இருந்தாள். குடை வந்தபோது, சொட்டு அந்தரத்திலிருந்து விழுவதுபோல் இருந்தது. சலவைப் பிரிவில் கூட வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு, “இது எங்கேர்ந்து விழுதுன்னே தெரியலையே” என்றாள். சரி என்று டியூபைக் குளியலறைக் குழாயின் பின்பக்கம் ஒட்டி, அதன் நுனியைக் குழாய் மூக்கில் மறைத்து, மறுபடியும் எடுத்தாள். இறுக மூடிய குழாய். ஆனால் பார்க்கிறவருக்கு அதிலிருந்து சொட்டுவது போலத்தான் இருக்கும்.

தலைப்பை எழுதும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மூன்று தடவை வாஷர் மாட்டினவனுக்கு ஒரு பதிலாக இருக்கட்டும் என்று நினைத்தாள். வார்டன் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கும் என்றோ, எடை பார்க்க வருவார் என்றோ அவள் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் வந்தார். கனத்த உடம்பு, கனத்த கைப்பை, எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிற விரல்கள். கூடவே சகலையும் வந்தான்.

“நீங்க எதுக்குண்ணே?” என்றான் வாஷர்.

“அம்மாவுக்கு வழி தெரியாதுல்ல.”

“ரெண்டு தெரு தள்ளி இருக்கற வீட்டுக்கா?”

“ஒரு வயசுக்கு மேல எல்லாருக்கும் துணை வேணும் தம்பி.”

வார்டன் கைக்குட்டையை எடுத்து, சமையலறைக் குழாயின் மூக்கைத் துடைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி துடைத்தார். காய்ந்திருந்தது. குளியலறை, பின்புறம், வாசல், எல்லாக் குழாயும் எலும்பாய்க் காய்ந்திருந்தன.

“எங்கயும் ஒரு பொட்டு ஈரம் இல்லையே” என்றார்.

வாஷர் நிமிர்ந்தான். சகலை தொண்டையைச் செருமினான்.

“எப்படிம்மா இருக்கும்? நீங்க வர்றது முன்னாடியே தெரியும். ராத்திரியோட ராத்திரியா வாஷர மாத்தியிருப்பாரு. அவருக்கு அந்தப் பேரே அதனாலதான வந்துச்சு.”

அதில் நியாயம் இருந்தது. குழாய் இன்று காய்ந்திருப்பதால் அன்றும் காய்ந்திருந்தது என்று ஆகாது. வார்டன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். ஆகட்டும், சொல்லி அனுப்புகிறேன் என்கிற முகம் வந்துவிட்டது.

வாஷர் அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு விந்தி விந்திப் போய்த் தன் வேலைப் பையைக் கவிழ்த்து, ஒரு பித்தளைக் குழாயை எடுத்து வந்தான். எந்தப் பைப்பிலும் மாட்டாத குழாய். பின்பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே திருகாணி தெரிந்தது.

“இதுல தண்ணி வருமாம்மா?”

“பைப்பே இல்லையே. எப்படி வரும்?”

“இந்தக் குழாய வச்சு, உங்க கண்ணு முன்னால, அதே மாதிரி படம் எடுத்துக் காட்டுவா. எடுத்துட்டா நான் சொன்னது நெசம். எடுக்கலேன்னா அண்ணனுக்கே குடுத்துடுங்க வேலைய.”

இவ்வளவு நேரம் கதவில் சாய்ந்து நின்ற அவள் இப்போதுதான் அசைந்தாள். “என்னைக் கேக்கவே இல்லையே” என்றாள்.

“எடுப்பல்ல?”

“எடுக்கறேன். ஆனா படம் சுவத்துலயே இருக்கும். அதுக்குச் சரின்னா சொல்லுங்க.”

“இருக்கட்டும்” என்றான். அந்த ஒரு சொல்லுக்கு அவன் தொண்டை அன்று பிசின் தண்ணீர் குடித்தது போல ஆயிற்று.

குளியலறை ஒரு ஆள் குளிக்கக் கட்டியது. அதில் நாலு பேர் நின்றார்கள். காலியான அந்தப் பித்தளைக் குழாயை மரப்பலகையின் நுனியில் கம்பியால் கட்டி, பலகையை வாளிமேல் வைத்தாயிற்று. பாட்டில் மேலே தொங்கியது. டியூப் குழாயின் பின்னால் ஒட்டப்பட்டது. அதற்குக் கீழே தட்டு. ஜன்னலில் துண்டு. வார்டன் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்தார். பக்கெட் ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. சகலை கதவோரம் ஒட்டிக்கொண்டான்.

“டியூப நான் பிடிக்கறேன்” என்றான் வாஷர்.

“வேண்டாம். நானே ரெண்டு கையாலயும் பண்ணுவேன்” என்றாள் அவள்.

“நீயே பண்ணா, இருட்டுல ஏதோ பண்ணிட்டான்னு அண்ணன் சொல்லுவாரு. என் பேருல ஒட்டின அழுக்கு. நான்தான் பிடிப்பேன்.”

“உங்களுக்கு இது ஆகாதுங்க.”

“முப்பது வருஷமா தண்ணியோட கெடக்கேன். எனக்கு ஆகாதா? குடு இப்படி.”

வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னால் அவன் பிடிக்காமல் விடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. டியூபைக் கொடுத்தாள். கிள்ளு எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். திறந்து மூட வேண்டும், இரண்டு சொட்டு மட்டும் விழ வேண்டும், நான் சொல்லும்போது. விளக்கை அணைத்தாள்.

“கிள்ளுங்க.”

இருட்டில் டொப் என்று ஒரு சொட்டு. ஃப்ளாஷ் வெட்டியது. படத்தைப் பார்த்தாள். தண்டு மட்டும் நின்றது. மேலே ஒன்றுமில்லை.

“ரெண்டாவது எங்க?”

“வந்திருக்குமே.”

“வரல. இன்னொரு தடவ. கிள்ளுங்க.”

டொப். மறுபடியும் தண்டு மட்டும்.

“ரெண்டு சொட்டுங்க. ரெண்டு.”

“விட்டேனே.”

“நீங்க ஒண்ணுதான் விடறீங்க. ரெண்டாவது வாய்க்கு வரும்போதே அடைச்சுடறீங்க.”

அடுத்த தடவை அதுவும் வரவில்லை. கிள்ளுங்க என்றாள். இருட்டு அப்படியே இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், வாஷரின் கட்டைவிரல் சக்கரத்தை அதன் கடைசிப் பல்வரை கொண்டுபோய் நெரித்துப் பிடித்திருந்தது. விரல் நகம் வெளுத்திருந்தது. டியூபின் கழுத்தை யாரோ நெரித்தது போல இருந்தது.

“என்னங்க இது?”

அவன் தன் கையையே வேறு யாருடைய கையோ போலப் பார்த்தான். “நான் திறக்கத்தான் நினைச்சேன்.”

“உங்க விரலுக்கு யாரும் சொல்லல போல” என்றார் வார்டன்.

இன்னும் சில தடவை பார்த்தார்கள். அவன் நெற்றியில் வேர்த்தது. பல்லைக் கடித்தான். முதல் சொட்டின் சத்தம் காதில் விழுந்த உடனே கை மூடிக்கொண்டது. முட்டி வலியோடு குழிக்குள் இறங்க வேண்டியவன் அவன். இரண்டாவது சொட்டு விழாவிட்டால் அந்தக் குழிதான். இருந்தும் விடமுடியவில்லை.

சகலைக்குத் தாங்கவில்லை. “என்ன தம்பி, ஒரு சொட்டு ஒழுக விடறதுக்கா இவ்வளவு பாடு? ஊரு பூரா எத்தன குழாய் சும்மா ஒழுகுது.”

“அவ்வளவு சுலபம்னா நீங்க பிடிங்களேன் மாமா” என்றாள் அவள். சிரிப்பே இல்லாமல் சொன்னாள்.

“நானா? நான் எதுக்குப் பிடிக்கணும்?”

“ஆமா, நீங்க பிடிங்க” என்றார் வார்டன். “சும்மாதான நிக்கறீங்க. நீங்க பிடிச்சா அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அவர் வெளிய நிக்கட்டும். அவர் பக்கத்துல இருந்தா இந்தச் சொட்டு பயப்படுது.”

வாஷரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “அம்மா, டியூபு மடங்காமப் பாத்துக்கச் சொல்லுங்க” என்றான்.

“நீங்க வாயையும் மூடிக்கங்க, கைய மூடற மாதிரியே” என்றார் வார்டன் உள்ளேயிருந்து.

சகலை டியூபை வாங்கினான். ஏனோதானோ என்றுதான் வாங்கினான். எதிராளியை நிரபராதி ஆக்குகிற வேலையை எவன் ஒழுங்காகச் செய்வான்? முதல் கிள்ளில் வேண்டுமென்றே ஐந்தாறு சொட்டைக் கொட்டினான். படத்தில் நீர் கலைந்து சேறாடியது போல் இருந்தது.

“அவ்வளவுதானா மாமா? இதுக்கா அவர அவ்வளவு கிண்டல் பண்ணீங்க?”

“ஏ, இரு. இது என் கைக்குப் பழகல.”

“அக்கா சொல்லும், மாமாவுக்கு வாய்தான் நீளம், விரல் ஓடாதுன்னு.”

“அவ சொன்னாளா? இப்பப் பாரு.”

அடுத்த கிள்ளு இரண்டு சொட்டு. இரண்டாவது தாமதமாக வந்து, சரிந்துகொண்டிருந்த தண்டின் இடுப்பில் இடித்தது. “இன்னும் கொஞ்சம் சீக்கிரம்” என்றாள். அடுத்ததில் தோளில் இடித்தது. சகலை பேச்சை நிறுத்திவிட்டான். அவன் வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. காமிராத் திரையின் மங்கிய வெளிச்சத்தில், நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, கட்டைவிரலை ஈர்க்குச்சி அளவுக்கு நகர்த்தினான். நல்ல கைதான் அவனுடையது. சோம்பேறித்தனம் அதைக் கெடுத்து வைத்திருந்தது.

வார்டனும் பக்கெட்டிலிருந்து இறங்கி மண்டியிட்டுவிட்டார். “விரல அடிக்கடி மாத்தாதீங்க. அதே இடத்துலயே வைங்க” என்று அவரும் சொல்ல ஆரம்பித்தார்.

“கிள்ளுங்க.”

டொ-டொப்.

ஃப்ளாஷ் வெட்டியது. அவள் படத்தைப் பார்த்தாள். காமிராவைத் திருப்பி இருவருக்கும் காட்டினாள். பைப் இல்லாத பித்தளைக் குழாய். அதன் கீழே தண்டு. தண்டின் தலையில் குடை. சுவரில் இருந்ததைவிட இது பெரியது, விளிம்பெல்லாம் முத்து கோத்ததுபோல் சின்னச் சின்னத் துளிகள்.

“விழுந்துச்சு” என்று கத்தினான் சகலை. “சரியா மண்டையில விழுந்துச்சு. பாத்தீங்களாம்மா? நான் விட்டது. என் கை. ஏ புள்ள, இன்னொண்ணு எடுக்கறியா?”

எடுத்தார்கள். அதுவும் குடைதான். அதற்கடுத்ததும்.

வெளியே நின்ற வாஷர் கதவைத் தட்டினான். “என்ன ஆச்சு?”

வார்டன் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தார். முழங்காலில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். இரண்டு குழாய்க்காரர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“உங்க வீட்டுக் குழாய் ஒழுகலங்கறது தெரிஞ்சுபோச்சு” என்றார் வாஷரிடம். பிறகு சகலை பக்கம் திரும்பினார். “நீங்க கேட்டா ரெண்டு சொட்டு, வேணும்னா அஞ்சு சொட்டு, எப்ப வேணும்னாலும் ஒழுக விடறீங்க. நல்ல கை வாகு.”

“ஆமாம்மா” என்றான் சகலை பெருமையாக.

“இவரு, வேலை போயிடும்னு தெரிஞ்சும் ஒரு சொட்டு ஒழுக விட மாட்டேங்கறாரு.”

“அவருக்கு வராதும்மா. அதுக்கெல்லாம் ஒரு நிதானம் வேணும்.”

“அப்ப என் விடுதிக்கு யார வைக்கறது, நீங்களே சொல்லுங்க.”

சகலை பதில் சொல்ல வாயைத் திறந்தான். கையில் டியூப் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு அவன் கால் விரலில் விழுந்தது. வாஷர் எட்டி அந்தச் சக்கரத்தை உருட்டி மூடினான்.

வார்டன் கைப்பையை மாட்டிக்கொண்டார். “இப்பவே வாங்க. ரெண்டாவது மாடியில ஒண்ணு வாரக் கணக்கா அழுதுக்கிட்டு இருக்கு.” வாஷர் பையில் ஸ்பானர் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான். வாசல்வரை போனவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் புருவத்தைத் தூக்கினாள். அவன் விந்தி விந்தி அந்த அம்மாவின் பின்னாலேயே போனான். விடுதிக்குப் போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் போவான் என்று அவள் நினைத்தாள். வார்டன் விடமாட்டார், நிறுத்திக் காட்டுவார் என்றும் நினைத்தாள்.

குளியலறையில் சகலை மட்டும் பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தான்.

“நீ வேணும்னேதான என் கைல குடுத்த?”

“நான் எங்க மாமா குடுத்தேன்? வார்டன் அம்மாதான பிடிக்கச் சொன்னாங்க.”

“அக்கா சொன்னா, விரல் ஓடாதுன்னு சொன்னான்னு ஏத்திவிட்டது யாரு?”

“அது அக்கா சொன்னதுதான்.”

“நெசமாவா?”

“நெசமா. போன வாரம்கூடச் சொல்லிச்சு.”

அவன் அதை யோசித்தான். வேலை போனதைவிட இது அவனை அதிகமாகக் குத்தியதுபோல் இருந்தது. டியூபை விரலில் சுற்றினான், பிரித்தான்.

“அந்தக் குடைப் படத்த எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. அவ பாக்கணும்.”

“தர்றேன். ஆனா அதுல உங்க கை தெரியாது மாமா. நீங்கதான் விட்டீங்கன்னு அக்கா எப்படி நம்பும்?”

“தெரியற மாதிரி எடுக்க முடியாதா?”

“முடியும். ஃப்ளாஷ இந்தப் பக்கம் திருப்பணும். கைய இன்னும் கீழ கொண்டாங்க. குழாய எடுத்துடலாம்.”

அவன் எழுந்து, பலகையிலிருந்து பித்தளைக் குழாயை அவிழ்த்து ஓரமாக வைத்தான். சட்டைக் கையை மடித்தான். கையில் நகத்தோரம் கறுப்பு இருந்தது. அதைப் பேண்ட்டில் துடைத்தான், போகவில்லை.

“பரவால்ல, இருக்கட்டும்” என்றாள் அவள். “அப்பதான் உங்க கைன்னு அக்காவுக்குத் தெரியும்.”

விளக்கை அணைத்தாள்.

“கிள்ளுங்க மாமா.”